ராயபுரத்தில் நிற்கும் கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது? எம்.ஏ. பொருளியல் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எம்.ஏ. பொருளியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும், வடசென்னைக் கல்லூரிகளின் பொருளியல் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பன்னாட்டுப் பொருளியல் தாளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு: ‘ஹெக்ஸர்–ஓலின் கோட்பாட்டை விளக்குக.’ ஒரு நாடு தன்னிடம் அதிகம் உள்ள உழைப்பையோ மூலதனத்தையோ கூடுதலாகப் பயன்படுத்தும் பொருளை ஏற்றுமதி செய்யும் என்பது அது. எடுகோள்களை வரிசையாக எழுதி, ஒரு படம் வரைந்து, அமெரிக்கத் தரவு அதற்கு மாறாகக் காட்டிய லியோன்டீஃப் முரண்பாட்டுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். எழுதி முடித்த மாணவி ராயபுரத்தில் பஸ் ஏறுகிறாள். பஸ்ஸுக்கு முன்னால் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தப் பெட்டிகளில் என்ன சரக்கு, எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே என்ன வரி, அந்த வரி கடைசியில் யார் தலையில் விடியும் என்று கேட்டால், அவள் எழுதிய விடையில் பதில் கிடையாது. அவள் சரியாகத்தான் படித்தாள். தாளை நாம் வகுத்த விதத்தில்தான் கோளாறு.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் பன்னாட்டுப் பொருளியலுக்கு ஒதுக்கும் தாள்களில் ஒன்றை, தரவையும் சுங்க ஆவணத்தையும் கையில் வைத்துச் செய்யும் தாளாக மாற்றுங்கள். கோட்பாடு அதற்குள்ளேயே வரட்டும்.

இதைக் கேட்க வடசென்னைக்குத் தனி உரிமை உண்டு. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றும் ஒரே கரையில், நம் பக்கம் இருக்கின்றன. சுங்க மாளிகை ராஜாஜி சாலையில். கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்கள் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, மூர் தெரு எங்கும். ஆனால் பொருளியலை ஆய்வு மட்டத்தில் நடத்தும் இடங்களான சேப்பாக்கம் பல்கலைக்கழக வளாகம், கோட்டூர்புரத்து மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், அடையாற்றில் உள்ள வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமான எம்.ஐ.டி.எஸ். எல்லாம் கூவத்துக்குத் தெற்கே. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மணலியிலும் இருந்து வரும் பிள்ளைகள் படிக்கும் துறைகளிலாவது இந்தப் பாடம் சரக்கைத் தொட்டுப் பேச வேண்டும்.

இப்படி வெளியே போய்ப் படிப்பது சென்னைக்குப் புதிதும் இல்லை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ‘இந்தியப் பொருளியல்’ துறையின் முதல் பேராசிரியராக வந்த ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைத் தத்தம் ஊருக்கே அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் போன்ற ஊர்களின் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பின்வந்தவர்கள் 1936–37இலும் அதற்குப் பிறகும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போய் மாற்றத்தை அளந்தார்கள். நாங்கள் கேட்பது அதே முறை. கிராமத்துக்குப் பதிலாகத் துறைமுகம், அவ்வளவுதான்.

தாள் எப்படி நடக்கலாம் என்று சொல்கிறோம். வாரம் நான்கு மணி நேரம், பதினைந்து வாரம், மொத்தம் அறுபது மணி.

முதல் மூன்று வாரம் எச்.எஸ். குறியீட்டுக்கு. உலக வணிகத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் துணைத்தலைப்பு. ஆறு இலக்கம் வரை எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் இந்தியா எட்டு இலக்கம் வரை தன் வசதிக்குப் பிரித்துக்கொள்கிறது. அத்தியாயங்கள் 97 வரை ஓடும், 77 மட்டும் காலி. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் அரை மணியில் முடிந்துவிடும். கையால் செய்தால்தான் சிக்கல் தெரியும்.

இறாலை எடுத்துக்கொள்வோம். உறைந்த இறாலுக்கு 2005 முதல் 2020 வரை ஏற்றுமதித் தொடர் எடுக்கச் சொல்லுங்கள். பழைய பட்டியலைப் பார்த்து மாணவர் 030613 என்று தேடுவார். 2011 வரை நன்றாகப் போகும், 2012இல் சட்டென்று விழுந்துவிடும். ‘உலக மந்தநிலையால் ஏற்றுமதி சரிந்தது’ என்று விளக்கமும் எழுதிவிடுவார். நடந்தது வேறு. 2012 திருத்தத்தில் அந்த எண்ணை எடுத்துவிட்டு, குளிர்நீர் இறாலுக்கு 030616, மற்ற இறாலுக்கு 030617 என்று இரண்டாகப் பிரித்தார்கள். நம் பண்ணைகளில் வளர்க்கும் வனாமி இறால் இரண்டாவதில் வரும். 1996, 2002, 2007, 2012, 2017, 2022 என்று திருத்தங்கள் வந்துகொண்டே இருப்பதால், தொடர் எடுக்குமுன் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் இணைப்பு அட்டவணை பார்ப்பது பழக்கமாக வேண்டும். இறாலுக்கு ரொட்டித்தூள் பூசி உறையவைத்தால் அது 3ஆம் அத்தியாயத்தைவிட்டு 16க்குப் போய் 1605இல் உட்காரும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். மதிப்புக் கூட்டுதல் என்று நாம் பாடத்தில் பேசுவது குறியீட்டில் எப்படித் தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இன்னொரு சிறு விஷயம், பல மணி நேரத்தைத் தின்பது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனமான செப்பீ (CEPII) இலவசமாகத் தரும் ‘பாசி’ (BACI) என்ற உலக வணிகத் தரவுக் கோப்பை எக்செலில் திறந்தால் 030617இன் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போய் 30617 ஆகிவிடும். பிறகு இன்னொரு அட்டவணையோடு சேர்க்கும்போது முதல் ஒன்பது அத்தியாயங்களும் பொருந்தாமல் உதிர்ந்துவிடும். மீன், பால், காய்கறி, காப்பி, மிளகு எல்லாம் போச்சு. எண்ணாக வாசிக்காமல் எழுத்தாக வாசிக்கச் சொல்ல வேண்டும். அதே கோப்பில் மதிப்பு ஆயிரம் டாலரில், அளவு மெட்ரிக் டன்னில் இருக்கும். நம் வணிக அமைச்சகத் தரவு ஏப்ரல்–மார்ச் ஆண்டில், ஐ.நா. காம்ட்ரேட் தரவு ஜனவரி–டிசம்பரில். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் குழம்பிய ஆய்வேடுகள் நிறைய.

இந்தியா ‘அனுப்பினேன்’ என்று சொல்லும் தொகையும் எதிர்நாடு ‘வாங்கினேன்’ என்று சொல்லும் தொகையும் ஏன் ஒத்துவராது என்பது அடுத்த பாடம். ஏற்றுமதி எஃப்.ஓ.பி. மதிப்பிலும் (கப்பலேற்றும் வரையிலான மதிப்பு) இறக்குமதி பெரும்பாலும் சி.ஐ.எஃப். மதிப்பிலும் (கூலியும் காப்பீடும் சேர்ந்தது) பதிவாவதால் கப்பல் கூலியும் காப்பீடும் இடையில் நிற்கும். மார்ச்சில் கப்பலேறிய சரக்கு மேயில் இறங்கும். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறினால் சேருமிடம் தவறாகப் பதிவாக வாய்ப்புண்டு. அமெரிக்கப் புள்ளிவிவரத்தில் சுங்க மதிப்பு, சி.ஐ.எஃப். இரண்டும் கிடைக்கும். எந்தப் பத்தியை எடுத்தோம் என்று அடிக்குறிப்பு எழுதாத பயிற்சிக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

அடுத்து சுங்க வரி. ஒரு பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதியாளர் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவத்தை, பெயரும் ஐ.இ.சி. எண்ணும் (இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண்) மறைத்து, வகுப்பில் கொடுங்கள். இயந்திர உதிரிபாகம் ஒன்று, சி.ஐ.எஃப். மதிப்பு ரூ.1,00,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சுங்க வரி 10% என்றால் 10,000. சமூகநலக் கூடுதல் வரி அந்த வரியின்மேல் 10%, ஆக 1,000. இறக்குமதியில் போடும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 18% விழுவது 1,11,000இன் மேல், ஆக 19,980. மொத்தம் 30,980.

‘இந்தியா 31% வரி போட்டு உள்நாட்டுத் தொழிலைக் காக்கிறது’ என்று மாணவர் எழுதினால் தவறு. உள்ளூரில் செய்த பாகமும் அதே 18% ஜி.எஸ்.டி. கட்டுகிறது. பாதுகாப்பு என்று சொல்லத்தக்கது 11% மட்டும். கப்பல் கூலி தெரியாதபோது சுங்க மதிப்பீட்டு விதிகள் எஃப்.ஓ.பி. மதிப்பில் 20%ஐக் கூலியாகவும், காப்பீடு தெரியாதபோது 1.125%ஐக் காப்பீடாகவும் வைத்துக் கணக்கிடச் சொல்கின்றன. கூலி என்பதும் ஒரு வணிகத் தடைதான் என்று பாடத்தில் படிப்பது இங்கே ரூபாயாகத் தெரியும்.

இதே கணக்கிலிருந்து, உள்ளீட்டு வரியையும் சேர்த்துப் பார்க்கும் செயல்படு பாதுகாப்பு விகிதத்துக்குப் போய்விடலாம். உலகச் சந்தையில் ரூ.1,000 பெறும் பொருள், அதில் ரூ.600 இறக்குமதி உள்ளீடு. பொருளுக்கு வரி 20%, உள்ளீட்டுக்கு 10%. உள்நாட்டில் பொருள் 1,200, உள்ளீடு 660, மிஞ்சுவது 540. வரியே இல்லாவிட்டால் மிஞ்சியிருக்கும் 400உடன் ஒப்பிட்டால் பாதுகாப்பு 35%. இனிப் பொருளுக்கு வரியை எடுத்துவிட்டு உள்ளீட்டுக்கு மட்டும் 10% வையுங்கள். மிஞ்சுவது 340, பாதுகாப்பு கழித்தல் 15%. தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் முடிந்த பொருள் வரியின்றி வருகிறது, அதைச் செய்யும் உள்ளீட்டுக்கு வரி தொடர்கிறது என்று தொழில்முனைவோர் புலம்புவது இந்தக் கழித்தல் குறியைப் பற்றித்தான். சூத்திரம் மனப்பாடம் செய்தவருக்கு இது கண்ணில் படுவதில்லை.

சராசரி வரி பற்றி ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடலாம். இறக்குமதி மதிப்பால் எடைபோட்ட சராசரியில், யாருமே இறக்குமதி செய்ய முடியாத அளவு உயர்ந்த வரிக்கு எடை சுழியம். 100% வரியுள்ள பொருள் வரவே இல்லை, 5% வரியுள்ளது மட்டும் வருகிறது என்றால் எடைச் சராசரி 5%. நாடு தாராளமானது போல் தோன்றும். எளிய சராசரி 52.5%. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

நாடுகளின் பொருளாதார அளவும் இடைத்தூரமும் வணிகத்தை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்று மதிப்பிடும் ஈர்ப்பு மாதிரிக்கு நான்கு வாரமாவது தேவை. டின்பெர்கன் 1962இல் கொண்டுவந்த எளிய வடிவத்தை அப்படியே செய்யும் ஆய்வேடுகள் இன்னும் வருகின்றன. ஏற்றுமதியின் மடக்கையை எடுத்து, இரு நாட்டு ஜி.டி.பி., தூரம் இவற்றின் மடக்கைகளோடு தொடர்புபடுத்தி மதிப்பிடுவது. முதல் சிக்கல் சுழியம். ஆறு இலக்கக் குறியீட்டில் பாதி நாடுகளுக்கு ஏற்றுமதியே இருக்காது, சுழியத்துக்கு மடக்கை கிடையாது. அந்த வரிசைகளைத் தூக்கி எறிந்தால் விற்ற இடங்களை மட்டும் பார்த்தவர்களாவோம். எல்லாவற்றோடும் 1 கூட்டினால் அலகைப் பொறுத்து விடை மாறும்: லட்சம் ரூபாயில் ஒன்று, டாலரில் வேறொன்று. சான்டோஸ் சில்வாவும் டென்ரெய்ரோவும் 2006இல் காட்டிய, ஏற்றுமதியை மடக்கையாக்காமல் நேரடியாக மதிப்பிடும் பாய்சான் முறை இதைத் தீர்க்கிறது. ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளில் ஒரே வரியில் ஓடும். விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழம். ஆன்டர்சனும் வான் வின்கூப்பும் 2003இல் சொன்னபடி, இரு நாடுகளுக்கு இடையிலான வணிகம் மற்ற எல்லா நாடுகளோடும் உள்ள தடைகளைப் பொறுத்தது. அதற்கு ஏற்றுமதி நாடு–ஆண்டு, இறக்குமதி நாடு–ஆண்டு நிலை விளைவுகளை, அதாவது ஒவ்வொரு நாடு–ஆண்டுச் சேர்க்கைக்கும் ஒரு தனி மாறியை, சேர்ப்பார்கள். மாணவர் இந்தியாவின் ஏற்றுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு இதைச் செய்தால், இறக்குமதி நாடு–ஆண்டு விளைவு ஒவ்வொரு வரிசையையும் விழுங்கிவிடும், மதிப்பிட எதுவும் மிஞ்சாது. மென்பொருள் மாறிகளைக் கழற்றிவிட்டதாகச் செய்தி கொடுக்கும். பலர் அதைப் பார்த்ததும் நிலை விளைவை எடுத்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்பிவிடுகிறார்கள். எடுக்க வேண்டியது எல்லா நாட்டு இணைகளும் உள்ள தரவை. பாசி கோப்பு ஆண்டுக்கு ஒன்றாக வருவதால், ஒவ்வோர் ஆண்டையும் வாசித்து வேண்டிய குறியீட்டை மட்டும் வடிகட்டி வைத்தால் சாதாரணக் கல்லூரிக் கணினியே போதும்.

குணகத்தை வாசிப்பதிலும் வழுக்கும். ஒப்பந்தம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைக்கும் ஒப்பந்த மாறியின் குணகம் 0.4 என்றால் வணிகம் 40% கூடியது என்று எழுதுகிறார்கள். இயற்கை மடக்கையின் அடிமானத்தை 0.4 அடுக்கில் ஏற்றி 1 கழித்தால் சுமார் 49%. கழித்தல் 0.7 வந்தால் 70% வீழ்ச்சி என்று எழுதக்கூடாது, 50% அளவுதான். ஆசியான் சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1, ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 மே 1 என்று நடைமுறைத் தேதிகள் தெளிவாக இருப்பதால் பயிற்சிக்கு இவை ஏற்றவை. ஒப்பந்தம் இருந்தும் சலுகை வரி தானாக வராது, சரக்கு ஒப்பந்த நாட்டில்தான் உருவானது என்று காட்டும் தோற்ற விதியை நிறைவேற்ற வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துவிட வேண்டும். ஆசியானுக்குப் பொது விதி 35% வட்டார மதிப்பும் (ஒப்பந்த நாடுகளில் உருவான பங்கு), உள்ளீட்டின் எண்ணிலிருந்து ஆறு இலக்கத் துணைத்தலைப்பு மாற்றமும். 2020 செப்டம்பர் முதல் இறக்குமதியாளரே தோற்றத்துக்கு ஆதாரம் வைத்திருக்க வேண்டிய விதியும் இருக்கிறது. சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்ற காலம் போய்விட்டது.

இனித் துறைமுகத் தரவு. முக்கியத் துறைமுகங்களின் சரக்குக் கணக்கு இந்தியத் துறைமுகச் சங்கத்திடம் கிடைக்கும். சென்னையும் காமராஜரும் அதில் உண்டு. காட்டுப்பள்ளி மாநில அதிகார வரம்பில் வரும் சிறு துறைமுகம் என்ற வகை, அந்த அட்டவணையில் இருக்காது. முதல் இரண்டை மட்டும் கூட்டிவிட்டு ‘வடசென்னைக் கன்டெய்னர் போக்குவரத்து தேய்கிறது’ என்று எழுதினால், பெட்டிகள் பத்துப் பதினைந்து மைல் வடக்கே நகர்ந்ததைத் தேய்வு என்று சொன்னதாகிவிடும். சென்னையில் கப்பலேறும் சரக்கெல்லாம் தமிழ்நாட்டுச் சரக்கும் இல்லை. ஆந்திரப் பண்ணை இறாலும் இங்கே ஏறும்.

இயற்கையாக அமைந்த ஒரு சோதனையும் நம் ஊரிலேயே இருக்கிறது. நிலக்கரித் தூசி பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது, நிலக்கரி எண்ணூருக்குப் போனது. ராயபுரத்து மொட்டை மாடிகளில் படிந்த கரி குறைந்தது. எண்ணூரில் என்ன ஆனது? மாற்றம் நடந்த இடத்தை நடக்காத இடத்தோடு முன்னும் பின்னும் ஒப்பிடும் முன்–பின் வேறுபாட்டு முறையில் இரு துறைமுகத்தையும் எடுக்கும் மாணவர் கவனிக்க வேண்டியது, ஒப்பீட்டுக் குழுவாக வைக்கும் எண்ணூரே அந்தத் தீர்ப்பால் பாதிக்கப்பட்டது என்பதை. ஒப்பீட்டுக்கு வேறொரு துறைமுகத்தைத் தேட வேண்டும். இது நன்றாகப் புரிந்தால் அந்த முறையின் பாதி புரிந்த மாதிரி.

சட்டப் பகுதிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் போதும். இறால்–ஆமை வழக்கு என்று உலக வணிக அமைப்பில் பெயர்பெற்றதைத் தொடுத்தவர்கள் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து. ஆமை தப்பிக்கும் கருவி பொருத்தாத இழுவலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்ததுதான் வழக்கு. 1998இல் மேல்முறையீட்டு அமைப்பு தந்த முடிவை ‘இந்தியா வென்றது’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். தீர்ப்பின் நுட்பம் அதில் போய்விடுகிறது. ஆமையைக் காப்பது, உலக வணிக விதிகளின் அடிப்படையான காட் உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு ‘ஜி’ உட்பிரிவுக்குள் வரும் என்று அமைப்பு ஒப்புக்கொண்டது. நாடுகளிடையே நியாயமற்ற பாகுபாடு காட்டிச் செயல்படுத்திய விதம்தான் அதே பிரிவின் முகப்புரையில் தோற்றது. அமெரிக்கா விதியைத் திருத்தியது, மலேசியா மீண்டும் போனது, 2001இல் அந்தத் திருத்தம் செல்லும் என்று முடிவானது. அதனால்தான் 2019இல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கா தடை போட முடிந்தது. பண்ணை இறாலுக்கு அந்தத் தடை இல்லை. ஒலிவ் ரிட்லி ஆமைகள் செத்துக் கரையொதுங்கும் மாதங்களில் இந்த வழக்கை நடத்தினால் மாணவர் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பருக்குப் பிறகு இயங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய குறிப்பேடுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

2025இல் அமெரிக்கா போட்ட கூடுதல் வரியைப் பயிற்சியாக எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தியச் சரக்குக்கு ஆகஸ்ட் 7 முதல் 25%, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25%. இரண்டாவது தேதிக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17க்கு முன் அங்கே சுங்கத்தில் பதிவான சரக்குக்கு அந்த இரண்டாவது 25% விலக்கு. வரிக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும் என்று அவசரப்படுவதால் முந்தைய மாதங்கள் வழக்கத்தைவிட வீங்கியிருக்கும். ஜூலையையும் அக்டோபரையும் ஒப்பிட்டால் வரியின் பாதிப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடும், இறால் ஏற்றுமதியில் போட்டியாளரான ஈக்வடாரின் தொடரோடும் ஒப்பிட வேண்டும். கடல் பிடிப்பாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வரி பின்னர் மாறியதையெல்லாம் மாணவரே தேதிவாரியாக ஒரு அட்டவணை போட்டு எழுதட்டும்.

அந்நியச் செலாவணி, செலுத்துநிலை, பன்னாட்டு நிதியம் ஆகியவற்றை இப்போதுள்ள தாள்கள் ஓரளவு நன்றாகவே நடத்துகின்றன. ஒன்று மட்டும் சேர்க்கலாம். பன்னாட்டு நிதியம் அமைக்க முடிவான 1944 பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டில், பின்னாளில் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் இந்தியக் குழுவில் இருந்தார். அவர் படித்த கிறித்தவக் கல்லூரி அன்று இருந்தது பாரிமுனையில். நம் பிள்ளைகள் தினமும் கடக்கும் இடம்.

கணிதத்தைப் பற்றிப் பேசாமல் இதெல்லாம் நடக்காது. தமிழ்வழியில் பி.ஏ. முடித்து, பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் வருபவர்கள் நம் வகுப்புகளில் ஏராளம். முதல் பருவம் தொடங்கும்போதே ஆறு வாரம், வாரம் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி என்று அறுபது மணி இணைப்புப் பயிற்சி வையுங்கள். வகைநுண்கணிதமும் பகுதி வகையீடும் 12 மணி, லக்ராஞ்சியோடு சேர்த்து உச்ச–நீச மதிப்பு 14, அணிகள் 10, மடக்கையும் வளர்ச்சி வீதமும் 4, நிகழ்தகவும் மாதிரியெடுப்பும் 20. லக்ராஞ்சி பெருக்கியைக் கண்டுபிடித்துவிட்டு அது ‘வருமானம் ஒரு ரூபாய் கூடினால் பயன் எவ்வளவு கூடும்’ என்பதைச் சொல்கிறது என்று தெரியாமல் போகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் விடையைத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுத வையுங்கள். கலைச்சொல்லும் பெரிய தொல்லை. ஒரு நூலில் ஒப்பீட்டு நன்மை, இன்னொன்றில் ஒப்பீட்டுச் சாதகம். ஒரு நூற்றைம்பது சொற்களுக்காவது குழு ஒரே பட்டியல் வெளியிட்டால் வினாத்தாளில் குழப்பம் தீரும்.

மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம் என்பது எங்கள் கருத்து: எழுத்துத் தேர்வு 50, பயிற்சிக் கோவை 30, இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு 20. கொள்கைக் குறிப்பு மீன்வளத் துறைக்கோ துறைமுக ஆணையத்துக்கோ எழுதுவதாக இருக்க வேண்டும், தமிழில் எழுத அனுமதிக்க வேண்டும். முதல் வரியிலேயே பரிந்துரை வர வேண்டும். பின்னணி எழுதியே ஒன்றரைப் பக்கத்தை நிரப்பிவிடுவதுதான் வழக்கமான கோளாறு.

துறைமுகத்துக்குள் போவதை மட்டும் நம்பித் திட்டமிடாதீர்கள். பன்னாட்டுப் பாதுகாப்பு விதிகள்படி உள்ளே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்கு நாளாகும். பருவம் தொடங்குமுன்பே விண்ணப்பித்துவிட்டு, கிடைக்காவிட்டாலும் நடக்கும்படி மாதவரம், மணலிப் பக்கம் உள்ள ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்தையும் தம்புச்செட்டித் தெரு கிளியரிங் அலுவலகம் ஒன்றையும் முன்கூட்டிப் பேசிவையுங்கள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு சரக்கு, ஒரு நாடு, ஒரு குறியீடு. டெமரேஜுக்கும் டிடென்ஷனுக்கும் என்ன வித்தியாசம், பெட்டி ஒரு நாள் கூடுதலாக நின்றால் யார் எவ்வளவு கட்டுகிறார் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். வார இறுதியிலும் மாத இறுதியிலும் அந்த அலுவலகங்களில் யாருக்கும் பேச நேரம் இருக்காது. செவ்வாய், புதன் காலை நல்லது.

வரும் கல்வியாண்டிலேயே ஒரு கல்லூரியில், ஒரே பிரிவில், விருப்பப் பாடமாக இதைத் தொடங்க அனுமதி தாருங்கள். பதினைந்து வாரப் பாடத்திட்டம், தரவுக் கோப்புகளை வடிகட்டும் நிரல்கள், மாதிரி வினாத்தாள் இரண்டு, பெயர் மறைத்த சுங்க ஆவணங்கள் பத்து ஆகியவற்றை நாங்கள் தயார் செய்து தருகிறோம். ஆசிரியர்களுக்கு இரண்டு சனிக்கிழமை பயிற்சியும் கட்டணமின்றி நடத்துவோம். குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருள்நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னையில் பன்னாட்டுப் பொருளியல் கற்பிப்பவர்களும், வணிகத் தரவில் வேலை செய்பவர்களும்